பலகை ஈரம்

போன வாரம் தேநீர் இடைவேளையில், பயிற்சி மருத்துவர்களான உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். எந்த மருந்துக்கும் கிருமி கட்டுப்படாது என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் அடுத்து என்ன செய்வது? நான் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னேன், நீங்களும் குறித்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை. மருந்தின் பெயர் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது யாரிடம் பேசுவது, எதைச் சொல்வது, எதைச் செய்யாமல் பொறுத்திருப்பது என்பதெல்லாம் எங்கும் எழுதியில்லை. எனக்கு அது ஈஸ்வரன் என்கிற ஒரு ஜீப் டிரைவரின் கட்டிலருகே நின்றபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அதைச் சொல்கிறேன்.

நான் மயக்க மருந்து மருத்துவர். தேனி தனி மாவட்டமாகிக்கொண்டிருந்த சமயத்தில் மதுரையிலிருந்து வந்து இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள். மூச்சுக்குழாய் போடத் தெரிந்த ஆள் என்பதால் சில வருடங்களில் ஐசியூவும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. சிறிய ஐசியூ. மதுரை வரை தாங்கமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் எங்களிடம் இறக்கிவிடுவார்கள். பாம்புக் கடி, திராட்சைத் தோட்டத்துப் பூச்சி மருந்து, மலைச் சாலையில் உருண்ட ஜீப். எங்கள் வேலை பெரும்பாலும் இவைதான்.

மருத்துவமனையை நடத்தியவர் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். எல்லோரும் சீஃப் என்போம். பெயர் வேண்டாம். ரத்தம் பீறிடும்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிற மனிதர். பதறாமல் இருப்பது எப்படி என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் கற்றேன். ஐசியூ பொறுப்பில் சிஸ்டர் ஜெயமேரி இருந்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஊர் அவருடையது. சத்தம் போடாமலே டாக்டர்களை மிரட்டத் தெரிந்தவர்.

2006-ஆம் வருட மழைக்காலத்தில் அந்தக் கிருமி எங்களிடம் வந்தது. குடல் ஆபரேஷன் முடிந்து மூச்சுக்குழாயோடு தேறிக்கொண்டிருந்த போடி அம்மா ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறியது. சளியை மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தபோது, அங்கே சோதித்துப் பார்த்த அத்தனை மருந்துகளுக்கு எதிரிலும் ‘கட்டுப்படாது’ என்றே இருந்தது. அசினிட்டோபாக்டர் என்கிற பெயர் இன்று உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். அன்று எங்களுக்கு அது மாநாட்டில் கேட்ட பெயர். திடமாக நடமாடுகிறவர்களை அது ஒன்றும் செய்யாது. தொண்டையில் குழாயோடு படுத்திருப்பவர்களிடம்தான் அதன் வேலையெல்லாம். கட்டில் கம்பியிலும் துணியிலும் காய்ந்து கிடந்தாலும் பல நாள் உயிரோடு இருக்கும். அந்த அம்மா இறந்துபோனார். வயது, சர்க்கரை நோய், பெரிய ஆபரேஷன் என்று காரணங்கள் கையருகே இருந்தன. அந்தக் காரணங்களையே மகனிடம் சொல்லி அனுப்பினோம்.

அந்தச் சமயத்தில்தான் ஈஸ்வரன் எங்களிடம் இருந்தார். கம்பத்திலிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். நாற்பதை நெருங்கும் வயது. வயிற்றுப்போக்கு வந்து சரியான பிறகு ஒரு காலையில் கிளட்ச்சை மிதிக்கக் கால் வரவில்லை. மறுநாள் கை. அதற்கடுத்து மூச்சு. குயிலன் பாரே என்கிற நரம்பு நோய். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தானாகவே விலகிப் போகக்கூடியது. அதுவரை மூச்சை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வென்டிலேட்டரில் போட்டோம். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தோம். கை கால் அசையாது, பேச்சு வராது. ஆனால் நினைவு ஒரு துளி மங்கவில்லை. காது நன்றாகக் கேட்டது, தோலில் உணர்ச்சி இருந்தது. அசைந்தவை இமைகள் மட்டும்.

அவர் மனைவி செல்வி கம்பத்தில் தையல் வேலை செய்பவர். பார்வையாளர் நேரத்தில் வந்தவர், கணவர் எதையோ சொல்லத் தவிக்கிறார் என்று முதல் நாளே கண்டுகொண்டார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் குழந்தைகளுக்கான எழுத்து அட்டை வாங்கி வந்தார். க வரிசை, ச வரிசை என்று விரலைக் கீழே நகர்த்துவார். வேண்டிய வரிசை வந்ததும் ஈஸ்வரன் இமையை மூடித் திறப்பார். அப்புறம் அந்த வரிசையில் கா, கி, கீ என்று பக்கவாட்டில் போவார். மறுபடி ஒரு இமைப்பு. நம் மொழியில் எழுத்துகள் எத்தனை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு வார்த்தை முடிவதற்குள் இரண்டு பேரும் களைத்துப்போவார்கள். அதனால் அவர் முக்கியமானதை மட்டுமே சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் ஆண்டிபட்டிக்காரர் ஒருவர், மணி. தறி ஓட்டுகிறவர், கல்யாணமாகாத இளைஞர். பைக்கில் விழுந்து தலையில் அடி. நினைவு திரும்பும் அறிகுறிகள் தெரிந்துகொண்டிருந்தன. அவருடைய அம்மா வேலம்மாள் தினமும் ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவார். மகன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் படுத்திருந்த ஈஸ்வரன் நெற்றியிலும் இழுத்துவிட்டுப் போவார். ஐசியூவுக்குள் விபூதி கூடாது என்று ஜெயமேரி சொல்லிப் பார்த்தார். சரி என்பார், மறுநாளும் பூசுவார்.

மணிக்கும் காய்ச்சல் வந்தது. அதே கிருமி. இருந்த மருந்துகளையெல்லாம் கலந்து கொடுத்தோம். ஒரு மதிய நேரத்தில் அவர் போய்விட்டார். ஈஸ்வரன் பார்க்க வேண்டாமென்று இடையில் திரையை இழுத்துவிட்டுக் காரியங்களைச் செய்தோம். திரையை மறுபடி விலக்கியபோது பக்கத்தில் கட்டில் காலியாக இருந்தது. ஈஸ்வரனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இமையைத் திறந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மரணத்துக்குப் பிறகு ஐசியூவின் காற்றே மாறிவிட்டது. யார் கையால் வந்தது என்கிற பேச்சு தொடங்கியது. புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ்தான் இரண்டு பேருக்கும் குழாய் வழியாகச் சளி உறிஞ்சி எடுத்தவர், அவரை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். ஜெயமேரி நேராக சீஃப் அறைக்கு வந்தார். அந்தப் பெண்ணின் கையைச் சோதிப்பதாக இருந்தால் ஐசியூவுக்குள் வருகிற எல்லோர் கையையும் சோதிக்க வேண்டும், டாக்டர்கள் கை உட்பட என்றார். சீஃப் தன் கையை முதலில் நீட்டினார். மாதிரிகள் மதுரைக்குப் போயின.

அவற்றின் முடிவு வருவதற்குள் வேறொன்று வந்தது. ஈஸ்வரனின் சளி ரிப்போர்ட். அதே கிருமி, அதே மாதிரி எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது.

ஈஸ்வரனுக்குக் காய்ச்சல் இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படவில்லை. கிருமி அவர் குழாயில் குடியேறியிருந்தது, நோயாக மாறவில்லை. மதுரைச் சோதனைப் பட்டியலில் இல்லாத, வேலை செய்யக்கூடிய மருந்து ஒன்று இருந்தது, கொலிஸ்டின். பழைய மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு வழியில்லாமல் உலகம் திரும்ப எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உடனே தொடங்கிவிடலாம் என்றார் சீஃப். இரண்டு பேரை இழந்த பிறகு மூன்றாவது ஆளிடம் காத்திருக்கச் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. எனக்கும் அது புரிந்தது. ஆனால் நோய் வராத ஆளுக்குச் சிறுநீரகத்தைப் பணயம் வைத்து மருந்து கொடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. அதோடு, இப்போதே கொடுத்து அதற்கும் கிருமி பழகிவிட்டால், நிஜமாகவே நோய் வரும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது.

இதையெல்லாம் ஈஸ்வரனின் கால்மாட்டில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பேசி முடித்துத் திரும்பினால் அவர் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. செல்வி அதைத் துடைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“டாக்டரம்மா, நீங்க இங்கிலீசுல பேசுனாலும் அவுகளுக்குத் தெரியுது. மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிறாக. என்னான்னு தெரியாமக் கெடக்குறதுதேன் அவுகளுக்குப் பயமா இருக்கு. எங்கிட்டச் சொல்றத அவுககிட்டயே சொல்லுங்க.”

நான் சீஃபிடம் போனேன். ஈஸ்வரனிடமும் செல்வியிடமும் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், கிருமி இங்கேதான் தொற்றியது என்பதையும் சேர்த்து, என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

“ஏம்மா, இங்கன வந்தா நோய் புடிக்கும்னு ஒரு வார்த்தை வெளியில போச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் நம்ம படியேற மாட்டாக. கம்பத்துலருந்து மதுரை வரைக்கும் போற வழியில செத்துப்போவாக. அந்தக் கணக்கு யாரு பேர்ல எழுதுறது?”

அவர் தன் லாபத்துக்காகப் பேசுகிறார் என்று நினைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பூச்சி மருந்து குடித்து வருகிறவர்களுக்கு மதுரைக்குப் போகும் நேரத்தில் மூச்சு நின்றுவிடும். நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: வெளியில் சொல்ல வேண்டாம் சார். ஆனால் உள்ளே படுத்திருக்கிற ஆளுக்கு, அவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் எந்த முடிவையும் நான் எடுக்கப் போவதில்லை. அவர் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஜெயமேரி நின்றார், செல்வி அட்டையோடு மறுபக்கம். நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசுவதில் ஒரு பலன் உண்டு. பாதியில் எழுந்து ஓட முடியாது. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். உங்கள் சளியில் ஒரு கிருமி இருக்கிறது, இப்போது அது எதுவும் செய்யவில்லை, செய்யவும் செய்யலாம். ஒரே ஒரு மருந்துதான் கேட்கும், அது சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். இன்றே தொடங்கலாம், காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தும் தொடங்கலாம். பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

செல்விதான் முதலில் கேட்டார். “இது இங்கன வந்து புடிச்சதா?”

“ஆமா. இங்கதான்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினார். பிறகு, பொறுத்திருந்து அப்புறம் கைமீறிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்றார். கைமீறிப் போகவும் கூடும், அப்படி ஆகாது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் மருந்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் காத்திருப்பேன் என்றேன். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கையில் இல்லாமல் பொறுத்திருப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை.

ஈஸ்வரனைப் பார்த்தேன். பொறுக்கலாமா? இமை மூடித் திறந்தது. அப்புறம் கண் அட்டைப் பக்கம் போனது. எதையோ சொல்ல விரும்பினார்.

செல்வி விரலை நகர்த்தினார். ப வந்தது. ல வந்தது. அடுத்து க வரிசையில் வெகு தூரம் போய், கை.

“பல கை,” என்றார் ஜெயமேரி மெதுவாக. அவர் முகம் வாடிவிட்டது. பல கைகள் தன்னைத் தொடுகின்றன, அதனால்தான் வந்தது என்று எங்களைச் சொல்கிறார் என்றே நானும் நினைத்தேன். சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் இமை மறுபடி அடித்தது. இன்னும் முடியவில்லை. ஈ. ர. ம்.

பலகை ஈரம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயிர் போகிற விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது எந்தப் பலகை? செல்விக்குத்தான் புரிந்தது. “காலையில படம் எடுக்கைல முதுகுக்கு அடியில ஒண்ணு வைக்கிறாகளே, அதச் சொல்றாக. சில்லுன்னு ஈரமா இருக்குதாம். முன்னாடியே ஒருக்காச் சொன்னாக, நாந்தேன் பெருசா எடுத்துக்கல.”

அது எக்ஸ்ரே கேசட். அன்றெல்லாம் வென்டிலேட்டரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தினமும் காலையில் நெஞ்சுப் படம் எடுப்போம். டெக்னீசியன் மெஷினைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். ஃபிலிம் வைத்த தட்டையான பெட்டியை முதுகுக்கும் படுக்கைக்கும் நடுவே செருகுவார், படம் எடுப்பார், உருவுவார், அடுத்த கட்டிலுக்குப் போவார். ஈஸ்வரன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கிருமி எப்படி வந்தது என்று துப்பறியவும் இல்லை. அசைய முடியாத முதுகில் தினமும் காலையில் ஒரு ஈரப் பலகை உரசுவது அவருக்குத் தொந்தரவாக இருந்தது, அதைச் சொன்னார். அவ்வளவுதான்.

ஈரம் ஏன் வருகிறது என்று மறுநாள் காலையில் ஜெயமேரியும் நானும் நின்று பார்த்தோம். டெக்னீசியன் கவனக்குறைவான ஆள் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கேசட்டைத் துடைத்தார். கிருமிநாசினி கலந்த தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருந்தது, அதில் ஒரு துணி. ஒரே கிண்ணம், ஒரே துணி, எல்லா முதுகுக்கும். கிருமிநாசினி எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குறையக் குறையத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். துணியையும் கேசட்டையும் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பினோம். மூன்றிலும் அதே கிருமி வளர்ந்தது.

அதே சமயத்தில் கைகளின் ரிப்போர்ட்டும் வந்தது. அந்தப் புது நர்ஸ் கையில் எதுவும் இல்லை. வேறு சிலர் கையில் இருந்தது, அதில் ஒரு டாக்டரும் உண்டு. ஆக, ஜெயமேரி படித்த படியும் சரிதான், செல்வி படித்த படியும் சரிதான். கிருமி பலகையில் ஏறிப் போனதா, கையில் ஏறிப் போனதா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் மற்றவற்றைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது நிர்வாகம் டெக்னீசியனை நிறுத்தலாம் என்றது. கிண்ணத்தைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னது நாம்தான், அவர் சொன்னதைச் செய்தார் என்று நானும் ஜெயமேரியும் சொன்னோம். சீஃப் அதை உடனே ஏற்றுக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் கேசட்டுக்குப் புது பிளாஸ்டிக் உறை, தேவையில்லாத தினசரிப் படங்கள் கிடையாது. கட்டிலுக்குக் கட்டில் கை கழுவாமல் நகர்ந்தால் ஜெயமேரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சீஃபையும் ஒரு தடவை கூப்பிட்டார்.

ஐசியூவைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். அந்த முடிவு ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது போலிருந்தது. உத்தமபாளையத்திலிருந்து பூச்சி மருந்து நெடி வீச ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று கட்டில் காலியாக இருந்தது. அண்ணன்காரர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, அங்கன எடமிருக்கே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எடுத்துப் போட்டிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் சீஃபைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தையில் முடித்தார்: “தியேட்டர்.” ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் அந்தப் பெண்ணைக் கிடத்தினோம். மயக்க மெஷினையே வென்டிலேட்டராக வைத்துக்கொண்டோம். அந்த வாரத்தில் ஏற்கனவே தேதி கொடுத்திருந்த ஆபரேஷன்களையெல்லாம் சீஃப் தள்ளிவைத்தார். அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனார். காலிக் கட்டில் காலியாகவே இருக்கட்டும் என்று நிற்பதற்கு எத்தனை துணிச்சல் வேண்டுமென்று, உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற நாளில் உங்களுக்குத் தெரியும்.

கொலிஸ்டின் மதுரையில் கிடைக்கவில்லை. கோட்டயத்தில் இருப்பதாகத் தகவல். ஜீப் ஸ்டாண்டில் ஈஸ்வரனோடு ஓட்டுகிற இரண்டு பேர் அன்றே குமுளி வழியாக மலையேறிப் போனார்கள். கடைக்காரர் சரக்கு நாளைக்குத்தான் வரும் என்றிருக்கிறார். சரி என்று கடை வாசலிலேயே வண்டியைப் போட்டு இருந்து வாங்கி வந்துவிட்டார்கள். ஐசியூ கதவருகே ஜெயமேரியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாக ஒருவர் உள்ளே பார்த்துச் சொன்னார்: “ஏலே ஈஸ்வரா, ஒன் வண்டிய நாந்தேன் ஓட்டுறேன். கியர் ரொம்ப மோசமா இருக்குடா.” ஈஸ்வரன் இமைத்தார்.

பெட்டி அலமாரியில் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்கு எளிதாக இல்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எச்சில் கையோடு ஓடுவேன். பொறுக்கலாம் என்று சொன்னது நான். தவறாகப் போனால் அது என் வார்த்தையால் போனதாகும்.

போனது. அதாவது, காய்ச்சல் வந்தது. ஒரு பிற்பகலில் உடம்பு கொதித்தது, சளி நிறம் மாறியது, ஆக்சிஜனைக் கூட்ட வேண்டியிருந்தது. படத்தில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. செல்வி வெளியே இருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, ஈஸ்வரன் கேட்கிற மாதிரியே சொன்னேன். நாம் பயந்தது வந்துவிட்டது, மருந்தை இப்போதே தொடங்குகிறோம் என்று. முதலிலேயே கொடுத்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பதில் எனக்கே போதுமானதாக இருந்திருக்காது.

மருந்து வேலை செய்தது. சிறுநீரகத்தையும் தொட்டது. சிறுநீர் குறைந்தது, ரத்தத்தில் உப்பு ஏறியது, அளவைக் குறைத்து, நீரைக் கூட்டி, ஒவ்வொரு நாளையும் தள்ளினோம். டயாலிசிஸ் வாசல் வரை போய்த் திரும்பினார். காய்ச்சல் அடங்கியது. முன்கூட்டியே கொடுத்திருந்தால் நோயே வந்திருக்காதா, அல்லது சிறுநீரகம் முழுதாகப் போயிருக்குமா? தெரியாது. இந்தத் தொழிலில் நீங்கள் எடுக்கும் நல்ல முடிவுகளில் பலவற்றுக்கு, நல்ல முடிவுதான் என்கிற சான்றிதழ் கடைசிவரை கிடைக்காது.

மழை நின்று பனி தொடங்கியபோது அவர் விரல் அசைந்தது. அப்புறம் மணிக்கட்டு, தோள். வென்டிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். கழுத்துக் குழாயை எடுத்துத் துளையை மூடி, பேசுங்கள் என்று சொன்ன நாளில் ஐசியூவில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். செல்வியைக் கூப்பிடுவார் என்று நினைத்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கரகரத்த குரலில் என்னைத்தான் கேட்டார்.

“பக்கத்துக் கட்டில்ல இருந்த தம்பி?”

“இறந்துட்டாருங்க,” என்றேன். “அதே கிருமிதான்.”

“தெரியும். தெரை போட்டீகள்ல, அன்னைக்கே தெரியும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்த ஆத்தா அப்புறம் வரவே இல்லையே.”

ஈஸ்வரன் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் பல மாதங்கள் கழித்து, ஒரு புறநோயாளி நாளில், ஜெயமேரி என் அறைக்கு வந்து, வேலம்மாள் வந்திருக்கிறார், சீஃபைப் பார்க்க வேண்டுமாம் என்றார். மணியின் அம்மா. ஈஸ்வரன் ஸ்டாண்டு ஆள் ஒருவரின் வண்டியில் ஆண்டிபட்டிக்குப் போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாங்கள் தன்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறார், கிருமி இங்கேதான் பிடித்தது என்பது உட்பட.

சீஃப் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். வேலம்மாள் உட்காரவில்லை. வக்கீல் யாரும் கூட வரவில்லை, உறவுக்காரர்களும் இல்லை. மஞ்சப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தத் தம்பி வந்து ஒண்ணு சொன்னாக. நெசமானு கேக்க வந்தேன்.”

சீஃப் என் பக்கம் திரும்புவார், என்னைச் சொல்ல விடுவார் என்று நினைத்தேன். சீஃப் எழுந்து நின்றார். மேசையைச் சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து, உண்மைதான் என்றார். தலையில் பட்ட அடியிலிருந்து உங்கள் மகன் பிழைத்திருக்கலாம், எங்கள் ஐசியூவில் தொற்றிய கிருமிதான் கொண்டுபோனது, அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றார். ரத்தம் பீறிடும்போது பேசுகிற அதே தாழ்ந்த குரல்.

வேலம்மாள் மஞ்சப்பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஆளாக அங்கே நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவர் கேட்டது இதுதான்.

“அந்தக் கட்டில்ல இப்ப யாரு படுத்திருக்கா?”

சின்னமனூர்ப் பையன் ஒருத்தன், பாம்புக் கடி, தேறி வருகிறான் என்றார் ஜெயமேரி.

“அவுக ஆத்தாகிட்ட எல்லாத்தையும் சொல்லீட்டீகளா?”

சொல்லிவிட்டோம் என்றேன். அது உண்மையாக இருந்ததற்கு அன்று நான் நன்றி சொன்னேன், யாருக்கென்று தெரியாமலே. வேலம்மாள் தலையை அசைத்துவிட்டு, ஆண்டிபட்டி பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினார். ஜெயமேரி வாசல் வரை கூடப் போய்விட்டு வந்தார்.

சீஃப் உட்காரவில்லை. வெளியே நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சிஸ்டர், அந்தப் போடி அம்மா மகன் நம்பர் இருக்கான்னு பாருங்க. நாந்தேன் பேசுவேன்.”